ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, பி.இ.யா: கொங்குப் பகுதிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வரிசைப்படி ஒரு வழிகாட்டி

"பையனுக்கு மார்க்கு கம்மிங்க, ஐ.டி.ஐ.ல போட்டுறலாமுங்களா?" மே மாதம் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்வி இது. பையன் நாளைக்கு என்ன வேலை செய்யப்போகிறான் என்பது இந்தக் கேள்விக்குள் எங்குமே இல்லை. பெரும்பாலான வீடுகளில் முதலில் கல்லூரியைப் பிடிக்கிறார்கள், அடுத்துப் பிரிவை, கடைசியில்தான் வேலையை யோசிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் இந்தத் தலைகீழ் வரிசையில்தான் தொடங்கியிருக்கும்.

கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள். தேவையானவை: ஒரு நோட்டு, இரண்டு வாரம், பட்டறைகளைப் பார்க்க இரண்டு நாள். ரிசல்ட் வருவதற்கு முன்பே முதல் நான்கு படிகளை முடித்துவிடலாம், முடித்துவிடுவது நல்லது. ரிசல்ட் வந்த பிறகு யோசிக்க யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள்.

1. ஆண்டுக் கணக்கை எழுதுங்கள்

ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், டூல் அண்டு டை மேக்கர் (கருவியும் அச்சும் செய்பவர்) ஆகியவை 2 ஆண்டு. வெல்டர் 1 ஆண்டு. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். மற்றவற்றுக்குப் பத்தாவது வேண்டும்.

பாலிடெக்னிக் டிப்ளமோ பத்தாவதுக்குப் பிறகு 3 ஆண்டு. பிளஸ் 2 அல்லது 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பி.இ. பிளஸ் 2-வுக்குப் பிறகு 4 ஆண்டு. டிப்ளமோ முடித்தவர் இதிலும் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து 3 ஆண்டில் முடிக்கலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பிளஸ் 2 வழியாகப் போனால் 2 + 4 = 6 ஆண்டு. பாலிடெக்னிக் வழியாகப் போனால் 3 + 3 = 6 ஆண்டு. ஐ.டி.ஐ., பிறகு டிப்ளமோ, பிறகு பி.இ. என்றால் 2 + 2 + 3 = 7 ஆண்டு.

அதாவது பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போகிற பிள்ளை பி.இ.யை இழக்கவும் இல்லை, ஒரு வருடம் பின்தங்கவும் இல்லை. ஐ.டி.ஐ. வழியில் ஒரே ஒரு ஆண்டுதான் கூடுதல். அந்த ஒரு ஆண்டுக்குப் பதிலாக நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பிளஸ் 2 வழியில் பி.இ. மூன்றாம் ஆண்டில் நிற்க நேர்ந்தால் கையில் இருப்பது பிளஸ் 2 மார்க் ஷீட் மட்டும். வீட்டில் பணமுடை வரக்கூடும் என்ற பயம் இருந்தால் இந்த வேறுபாட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுங்கள்.

2. திரும்பத் திறக்காத கதவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு பாதையை எடுத்த பிறகு எதற்குத் திரும்பலாம், எதற்குத் திரும்ப முடியாது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

முதலாவது, 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் இந்த ஒதுக்கீடு உண்டு. இதில் இடம் பெறுகிறவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாவதோடு பள்ளியை விட்டு பாலிடெக்னிக் போனால் இந்தக் கதவு மூடிவிடும். அரசுப் பள்ளியில் கணக்கில் நன்றாக மார்க் எடுக்கிற, பி.இ. மீது உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு பிளஸ் 1, பிளஸ் 2 போவதுதான் சரி. அவசரப்பட்டு டிசி வாங்காதீர்கள்.

இரண்டாவது, பிளஸ் 1 குரூப். பி.இ. கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்ஆஃப் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று போடப்படுகிறது. வணிகவியல் குரூப் எடுத்துவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அப்புறம் பார்க்க முடியாது. தொழிற்பிரிவு குரூப் படித்தவர்களுக்குக் கலந்தாய்வில் தனி வழி உண்டு, அந்தக் குரூப்பை மட்டமாக நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, ஐ.டி.ஐ. சேர்ந்தவரின் பிளஸ் 2 தகுதி. பத்தாவதுக்குப் பிறகு 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பிளஸ் 2-வின் தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றால் தமிழ்நாட்டில் அது பிளஸ் 2-வுக்கு இணை. ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை. மொழிப் பாடம் மறப்பதற்குள் எழுதிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஆங்கிலப் பாடநூலைத் திரும்பத் திறப்பது எவருக்கும் கடினம்.

நான்காவது, நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோவுக்கு 2 ஆண்டு ஐ.டி.ஐ. வேண்டும். வெல்டர் போன்ற ஒரு ஆண்டுப் பிரிவை எடுத்துவிட்டு அந்த வழியில் ஏற முடியாது. மேலே படிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 2 ஆண்டுப் பிரிவையே எடுங்கள்.

எப்போதும் திறந்திருக்கும் கதவு ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. சேர ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பட்டம் வாங்கிய பிறகும் ஐ.டி.ஐ. சேரலாம்.

3. வேலையை நேரில் பாருங்கள்

கொங்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காத வசதி இது. சில மணி நேர பஸ் தூரத்துக்குள் எத்தனை விதமான தொழில்! கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி பக்கம் பம்ப், மோட்டார், கிரைண்டர், பவுண்டரி (உலோக வார்ப்பு), சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) ஜாப் ஒர்க். திருப்பூரில் நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), கார்மெண்ட்ஸ். பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டை. கரூரில் வீட்டு ஜவுளியும் பஸ் பாடி கட்டுவதும். நாமக்கல்லில் லாரி பாடி, கோழிப் பண்ணை. திருச்செங்கோட்டில் ரிக் (போர்வெல்) வண்டி. காங்கேயத்தில் அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய். பொள்ளாச்சியில் கயிறு.

பிள்ளைக்கு ஆர்வம் உள்ள தொழிலில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: ஒன்று பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை, மற்றொன்று பெரிய கம்பெனி. சொந்தம், தெரிந்தவர் வழியாகக் கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் போதாது. பிள்ளையைக் குறைந்தது நான்கு மணி நேரம் அங்கே நிற்க வையுங்கள். கூலன்ட் (மெஷினைக் குளிர்விக்கும் திரவம்) வாடை, பவுண்டரிச் சூடு, தறிச் சத்தம், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வது ஆகியவை உடம்புக்கு ஒத்துவருமா என்பது அங்கேதான் தெரியும்.

அங்கே மூன்று பேரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

மெஷினில் நிற்பவரிடம்: "நீங்க என்ன படிச்சீங்க? இந்த வேலைக்கு வர எத்தனை வருசம் ஆச்சு?"

சூப்பர்வைசரிடம்: "உங்களுக்குக் கீழ ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. மூணு பேரும் இருந்தா யாருக்கு என்ன வேலை குடுப்பீங்க?"

முதலாளியிடமோ மேனேஜரிடமோ: "ஆள் கிடைக்காம எந்த வேலை நின்னு கெடக்குது?"

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை நோட்டில் பெரிதாக எழுதுங்கள். சி.என்.சி., வி.எம்.சி. (அதிலேயே ஒரு வகை) செட்டிங் தெரிந்தவர், டை (அச்சு) போடத் தெரிந்தவர், பேனல் போர்டு வயரிங்கும் பி.எல்.சி.யும் (மெஷினைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) தெரிந்தவர், பாய்லர் ஓட்டுபவர் என்று ஊருக்கு ஊர் பதில் மாறும். உங்கள் ஊர்ப் பதில் எந்தக் கல்லூரி விளம்பரத்திலும் இருக்காது.

சம்பளம் கேட்கும்போது தொகையை மட்டும் கேட்டு வராதீர்கள். திருப்பூரில் தையல், கட்டிங் போன்ற வேலைகளுக்கு ஷிப்ட் கணக்கில் சனிக்கிழமைச் சம்பளம். மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்), குவாலிட்டி, இஞ்சினியர் வேலைகளுக்கு மாதச் சம்பளம். "வாரத்துக்கு இவ்வளவு" என்பதையும் "மாதம் இவ்வளவு" என்பதையும் நேராக ஒப்பிட்டால் தப்புக் கணக்கு வரும். எத்தனை ஷிப்ட், ஆர்டர் இல்லாத மாதத்தில் என்ன கிடைக்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள்.

4. அந்த வேலைக்குச் சட்டமும் அரசாணையும் என்ன காகிதம் கேட்கின்றன

சில வேலைகளுக்குத் திறமை இருந்தாலும் உரிய சான்று இல்லாமல் கை வைக்க முடியாது. எந்தச் சான்று என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பாய்லர் இயக்கத் தனித் தகுதிச் சான்று வேண்டும். டையிங் யூனிட் நிறைந்த திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் இது முக்கியம். மின் வேலையில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றுகள் உண்டு. வீட்டு வயரிங் கான்ட்ராக்ட் எடுக்க நினைப்பவர் இவற்றை நோக்கித்தான் படிக்க வேண்டும்.

அரசு வேலையில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு: "பி.இ. படிச்சா ஐ.டி.ஐ. வேலைக்கும் போட்டுக்கலாம்." போட முடியாமல் போகலாம். ஜம்மு காஷ்மீர் மின்துறையில் டெக்னீசியன் வேலைக்கு ஐ.டி.ஐ. கேட்டிருந்தார்கள். டிப்ளமோ படித்தவர்கள் தங்கள் படிப்பு அதைவிட மேலானது என்று வாதாடினார்கள். மேல்படிப்பு இருப்பதாலேயே கீழ்ப்படிப்பின் தகுதி தானாக வந்துவிடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்வாரியக் கள உதவியாளர் போன்ற பதவிகளுக்கு அறிவிப்பு கேட்பது உரிய பிரிவின் ஐ.டி.ஐ. சான்றை. ரயில்வே ஜூனியர் இஞ்சினியருக்கு டிப்ளமோ அடிப்படை. மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு பி.இ. வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, ஐ.ஏ.எஸ். ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும்.

எனவே பிள்ளை குறிவைக்கும் பதவியின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, "கல்வித் தகுதி" என்ற பத்தியை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யாரோ சொன்னதை எழுதாதீர்கள்.

குரூப் தேர்வுதான் குறி என்றால் பி.இ.யே வேண்டும் என்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டுப் பட்டம் செலவும் குறைவு, தேர்வுக்குப் படிக்க நேரமும் கிடைக்கும்.

5. பிரிவைத் தீர்மானியுங்கள், பிறகு படிப்பின் அளவை

மூன்றாம் படியில் பார்த்த வேலையையும் நான்காம் படியில் எழுதிய தகுதியையும் பக்கத்தில் வைத்தால் பிரிவு தானாகத் தெரியும். அளவை, அதாவது ஐ.டி.ஐ.யா டிப்ளமோவா பட்டமா என்பதை, மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

கணக்கு. பிள்ளைக்கு அல்ஜீப்ரா, திரிகோணமிதி புரிகிறதா, மனப்பாடம் செய்கிறதா என்று பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். பி.இ.யில் அரியர் விழுவது அதிகமும் கணக்கில்தான். கணக்கு புரியாத பிள்ளைக்கு மெஷின் வேலை வராது என்பது இல்லை. வெர்னியர், மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவு எடுக்கும் கருவிகள்) பார்க்கவும் வரைபடம் படிக்கவும் டேப்பர் (சரிவு) கணக்குப் போடவும் தெரிந்தால் டர்னர் வேலைக்குப் போதும். அந்தக் கணக்கை மெஷினில் நின்று கற்கும்போது பல பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரியும்.

கை. வீட்டில் மிக்ஸி, சைக்கிள், மோட்டார் எதையாவது கழற்றி மாட்டுகிற பிள்ளையா? கழற்றியதைத் திரும்ப மாட்டி முடிக்கிறதா? மாட்டி முடிப்பதுதான் அடையாளம், கழற்றுவது எல்லாக் குழந்தையும் செய்யும்.

பணம். இதை ஏழாம் படியில் பார்ப்போம்.

இன்னும் முடிவு வராத வீடுகளுக்கு: பிள்ளைக்கு வேலையும் பிடித்திருக்கிறது, மேலே படிக்கும் எண்ணமும் இருக்கிறது, ஆனால் எதிலும் உறுதி இல்லை என்றால் பாலிடெக்னிக்கை எடுங்கள். இரண்டு பக்கமும் போக வழி விடுவது அதுதான். மார்க் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் இதையே சொல்வோம்.

ஜவுளியில் ஆர்வம் உள்ளவர்கள் மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் என்ற இரண்டு பிரிவுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 3 ஆண்டு டிப்ளமோ நடத்துகிறது. கோவை பி.எஸ்.ஜி., குமரகுரு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் போன்ற கல்லூரிகளில் டெக்ஸ்டைல் பட்டப்படிப்பு உண்டு. நூல் முதல் ஆடை வரை எல்லாமே நூறு கிலோமீட்டருக்குள் நடக்கும் ஊரில் இந்தப் பிரிவுகளைக் கேட்டுப் பார்க்காமலே விடுவது நட்டம்.

சாண்ட்விச் டிப்ளமோ என்று மூன்றரை ஆண்டுப் படிப்பும் சில இடங்களில் இருக்கிறது. நடுவில் கம்பெனிப் பயிற்சி கிடைப்பதால் வேலைக்கு நல்லது. ஆனால் ஏழாவது செமஸ்டர் முடியும்போது அந்த ஆண்டின் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்க்கை முடிந்திருக்கும், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். நேராக பி.இ. போக நினைப்பவர் சாதாரண மூன்று ஆண்டை எடுப்பது நல்லது.

6. நிலையத்தைச் சோதியுங்கள்

முதலில் அங்கீகாரம். "டிப்ளமோ" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பேனரில் போடலாம். ஐ.டி.ஐ. என்றால் அந்தப் பிரிவுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அல்லது எஸ்.சி.வி.டி. (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிலையத்துக்கு இருந்தால் போதாது, நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்க வேண்டும். பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதியும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பட்டியலில் பெயரும் வேண்டும். பி.இ. என்றால் அண்ணா பல்கலைக்கழக இணைப்பு. என்.பி.ஏ. (தேசியத் தரச்சான்று வாரியம்) தரச்சான்று கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, பிரிவு பிரிவாகத் தரப்படுகிறது. "எங்க காலேஜ் என்.பி.ஏ.ங்க" என்று சொன்னால் "எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரைக்கும்?" என்று கேளுங்கள்.

"வேலை செய்துகொண்டே படிக்கலாம், மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகத் தொகை தருவோம்" என்று மில்களுக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. சான்றிதழ் யார் பெயரில் வரும், மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, இடையில் விலகினால் அதுவரை சேர்ந்த தொகை கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் தர மறுத்தால் அங்கே அனுப்பாதீர்கள்.

அடுத்து பட்டறை. வகுப்பு நடக்கும் ஒரு வேலைநாளில், முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். லேத்துக்குக் கீழே உள்ள தட்டில் புது இரும்புச் சுருள் கிடக்கிறதா? மெஷின்மேல் துணி போர்த்தித் தூசி படிந்திருந்தால் அது பார்வைக்கு வைத்த மெஷின். வெல்டிங் கூண்டில் எரிந்த ராடு துண்டுகள் கிடக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் வெர்னியரைக் கொடுத்து ஒரு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.02 மில்லிமீட்டர் வரை தயங்காமல் சொன்னால் அங்கே பாடம் நடக்கிறது.

அரசு ஐ.டி.ஐ. என்றாலே பழைய மெஷின் என்று ஒதுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோ, நவீன சி.என்.சி., மின்வாகனம் முதலிய பிரிவுகளுடன் மேம்படுத்தப்பட்டுள்ளன. உங்கள் மாவட்டத்தில் எந்த நிலையத்தில் அவை இருக்கின்றன என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

பி.இ. கல்லூரியில் பிளேஸ்மெண்ட் கேட்கும்போது, கல்லூரி மொத்தத்துக்குச் சொல்லும் எண்ணை ஏற்காதீர்கள். உங்கள் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், அந்தப் பிரிவு சார்ந்த வேலை எத்தனை என்று கேளுங்கள். ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் அதை மூன்றாக எண்ணுகிற இடங்கள் உண்டு.

7. பணக் கணக்கு

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், பஸ் பாஸ் ஆகியவை உண்டு. அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும்.

தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. தரச்சான்று உள்ள பிரிவுக்கு 55,000 ரூபாய். சேரும் ஆண்டின் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலும் இதில் பஸ், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், லேப்டாப் எதுவும் அடங்காது. கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ தினமும் கல்லூரி பஸ்ஸில் போவதென்றால் பஸ் கட்டணத்தைத் தனி வரியில் எழுதுங்கள். நான்கு ஆண்டுக்குப் பெருக்கினால்தான் உண்மை தெரியும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இரண்டு: பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கினார்கள்). பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றுக்கும் உண்டு. ஐ.டி.ஐ.க்குக் கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கல்விக் கடன் எடுப்பதானால், 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகளின் பொதுத் திட்டத்தில் சொத்துப் பிணை தேவையில்லை. "காடு எழுதிக் குடுங்க" என்று யாராவது கேட்டால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கடன் கிடைப்பது கடினம் என்பதால் முன்பணம் கட்டும் முன்பே வங்கியில் பேசிவிடுங்கள். நகையை வைத்து முதல் ஆண்டு கட்டிவிட்டு இரண்டாம் ஆண்டில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே அதிகம்.

8. சான்றிதழ்களைத் தயாராக வையுங்கள்

மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. குடும்பத்தில் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இதை இ-சேவை வழியாக ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். ஜூன் மாதம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் மூன்று மேசையும் நிரம்பி வழியும்.

எல்லாச் சான்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். உதவித்தொகை நின்றுபோவதற்குப் பெயர் பொருந்தாமையும் வங்கி இணைப்பு இல்லாததும் முக்கியக் காரணங்கள்.

9. விண்ணப்பிக்கும்போது

ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் இரண்டுக்கும் போடுங்கள், தடை எதுவும் இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன், ஃபிட்டர் இடங்கள் சீக்கிரம் நிரம்பும். ஒரு பிரிவில் ஒரு யூனிட்டுக்கு (பயிற்சிக் குழு) 20 பேர்தான்.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைச் சுருக்கிப் பதிவு செய்வதுதான் பெரிய தவறு. ஐந்து கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறார்கள். உங்களுக்கு ஏற்புள்ள எல்லாவற்றையும், உண்மையில் வேண்டும் என்கிற வரிசையில் போடுங்கள். "இது நமக்குக் கிடைக்காது" என்று மேலே உள்ளதை நீக்க வேண்டாம், அதைப் போடுவதால் கீழே உள்ளது பறிபோகாது. சேர விருப்பமே இல்லாத கல்லூரியை மட்டும் சேர்க்காதீர்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள், ரசீது இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை.

10. சேர்ந்த முதல் ஆறு மாதம்

ஐ.டி.ஐ.யில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். சேர்ந்த கையோடு பட்டறையில் பகுதிநேர வேலைக்குப் போய் வருகையை இழந்து தேர்வு எழுத முடியாமல் போகிறவர்கள் உண்டு. ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர் முதல் சில மாதங்கள் அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார், ஹாக்சா பிடித்து அறுத்துக்கொண்டே இருப்பார். "இரும்பைத் தேய்க்கவா சேர்ந்தேன்" என்று அலுப்பு வரும். சமதளமும் 90 டிகிரியும் கைக்கு வருவது அங்கேதான், அது வராமல் டை வேலைக்குப் போக முடியாது. இந்த நேரத்தில் நின்றுவிடாமல் பெற்றோர் பிடித்து வையுங்கள்.

டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருபவர் முதல் ஆண்டுக் கணக்கைப் படிக்காமலே உள்ளே வருகிறார். மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று வரும்போது திணறுவது இதனால்தான். டிப்ளமோ ரிசல்ட்டுக்கும் பி.இ. வகுப்புக்கும் இடையிலுள்ள வாரங்களில் வகையிடலையும் தொகையிடலையும் அணிகளையும் முதல் ஆண்டுப் புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். செய்முறையில் மற்ற மாணவரைவிட நீங்கள் முன்னே இருப்பீர்கள், கணக்கை மட்டும் எட்டிப் பிடித்தால் போதும்.

11. அப்ரண்டிஸ்: விட்டுவிடக் கூடாத ஒரு ஆண்டு

ஐ.டி.ஐ. முடித்தவுடன் கிடைத்த வேலைக்கு ஓடுகிறார்கள். முதலில் ஒரு நல்ல கம்பெனியில் அப்ரண்டிஸ் (உதவித்தொகையோடு வேலை பழகும் பயிற்சி) முடியுங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பதிவு செய்து முடித்தால் தேசிய அப்ரண்டிஸ் சான்று கிடைக்கும். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 (கடைநிலை) பணிகளில் 20 சதவீத இடம் உண்டு.

2019 விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். சேரும்போது நடப்புத் தொகையைச் சரிபாருங்கள். "டிரெய்னி" என்று சொல்லிச் சேர்ப்பது எல்லாமே அப்ரண்டிஸ் ஆகாது. அரசு இணையதளத்தில் ஒப்பந்தப் பதிவு எண் வந்ததா என்பதே சோதனை. எண் இல்லையென்றால் ஆண்டு முடிவில் சான்றும் இல்லை.

12. தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால்

முதல் செமஸ்டருக்குள் தெரிந்துவிட்டால் தயங்காமல் மாறுங்கள். பி.இ.யில் அரியர் குவிந்து நிற்பவர் விலகினாலும், பிளஸ் 2 சான்றைக் கொண்டு நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேரலாம். பள்ளியோடு நின்றவர்களை உயர்கல்வியில் சேர்க்க, தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் "உயர்வுக்குப் படி" முகாம்கள் மாவட்டந்தோறும் நடக்கின்றன.

டிப்ளமோவோடு வேலைக்குப் போனவருக்கும் பட்டத்தின் வழி அடைபட்டுவிடுவதில்லை. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகியவற்றில் வேலை செய்வோருக்கான பகுதிநேர பி.இ. நடந்து வந்திருக்கிறது. பகலில் கம்பெனி, மாலையில் வகுப்பு என்று மூன்றரை ஆண்டு. ஷிப்ட் மாறும் வேலையில் இருப்பவர் சேரும் முன், மாலை ஷிப்ட் போட மாட்டோம் என்று கம்பெனியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் பாடத்தால் விடுவதில்லை, ஷிப்ட்டால் விடுகிறார்கள்.